தங்கைக்குத் தெற்கு சூடானில் நர்ஸ் வேலை வந்திருக்கிறது. போய் வந்தவர்கள் சேலத்தில் யாராவது இருக்கிறீர்களா?

அம்மாப்பேட்டை_அண்ணன் | ஞாயிறு இரவு 9:12

வணக்கமுங்க. என் தங்கை ஸ்டாஃப் நர்ஸ். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக வேலை, அதில் மூன்று வருஷம் குழந்தைகள் வார்டு. போன மாதம் ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்புக்கு வீடியோவில் இண்டர்வியூ கொடுத்தாள், தேர்வாகிவிட்டாள். தெற்கு சூடானில் பெந்தியூ என்ற ஊர், ஆறு மாத ஒப்பந்தம்.

எனக்குச் சூடான் என்றால் சண்டை என்பது மட்டும்தான் தெரியும். தெற்கு, வடக்கு எல்லாம் இப்போதுதான் தேடிப் படிக்கிறேன். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். அது சம்மதமா கோபமா என்று அவருக்கே தெரியுமோ என்னமோ. தங்கை பிடிவாதக்காரி, நான் போகாதே என்றால் போய்விடுவாள். அதனால் தெரிந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். பயமுறுத்தவும் வேண்டாம், தைரியம் சொல்லவும் வேண்டாம்.

குகைத்தெரு | ஞாயிறு இரவு 9:30

துபாய், குவைத் எல்லாம் இருக்க அங்கே எதுக்குங்க? பெண் பிள்ளையை அனுப்புகிற இடமா அது?

ரிக்வண்டி | ஞாயிறு இரவு 10:05

அண்ணா, நான் திருச்செங்கோடு. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஆப்பிரிக்காவில் நாலு வருஷம் இருந்தவன். தெற்கு சூடான் போனதில்லை, ஆனால் ஆள் எடுக்கிற ஏஜென்டுகளை நன்றாகத் தெரியும். முதல் கேள்வி: தங்கச்சியிடம் பணம் எதாவது கேட்டார்களா? விசா செலவு, டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ் என்று எந்தப் பெயரிலாவது? ஐநா அமைப்புகள் வேலைக்கு எடுக்கப் பைசா வாங்காது, மற்ற நல்ல அமைப்புகளும் அப்படித்தான். என் மச்சானிடம் "ஐநா கேம்பில் சமையல் வேலை" என்று சொல்லி ஒருத்தன் 80,000 வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டான்.

அப்புறம் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். ஈசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்று குறித்த பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போனால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் தெற்கு சூடானும் உண்டு. நர்ஸ் படிப்பு படித்தவருக்கு ஈசிஆர் வராது, ஆனால் 2015லிருந்து நர்ஸ்களுக்கு எந்தப் பாஸ்போர்ட்டானாலும் அந்த நாடுகளுக்கு அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அதையும் விசாரித்துவிடுங்கள்.

அம்மாப்பேட்டை_அண்ணன் | ஞாயிறு இரவு 10:18

பணம் எதுவும் கேட்கவில்லைங்க. விமான டிக்கெட் அவர்களே போடுகிறார்களாம். பாஸ்போர்ட் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

அடிபம்பு | திங்கள் காலை 6:40

நான் போயிருக்கிறேன். 2023 நவம்பரில் ஆறு வாரம், அதே பெந்தியூ. ஊர் அஸ்தம்பட்டி, வேலை தண்ணீர் சம்பந்தப்பட்டது. ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

அரசியலை முதலில் முடித்துவிடுகிறேன். 2011 ஜூலை 9ஆம் தேதி சூடானிலிருந்து பிரிந்த நாடு. பிரிந்து இரண்டரை வருஷம் ஆவதற்குள், 2013 டிசம்பரில், அதிபர் சல்வா கீருக்கும் அவர் பதவி நீக்கிய துணை அதிபர் ரியக் மச்சாருக்கும் முட்டிக்கொண்டு உள்நாட்டுப் போர் வந்தது. பெந்தியூ அந்தப் போரில் பலமுறை கை மாறிய ஊர். 2018ல் ஒப்பந்தம், 2020 பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து அரசாங்கம். 2024 டிசம்பரில் தேர்தல் என்றார்கள், அதை 2026 டிசம்பருக்குத் தள்ளினார்கள். 2025 மார்ச்சில் மச்சாரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். நான் போனபோது இருந்ததைவிட இப்போது நிலைமை மோசம், அதை மறைக்க மாட்டேன்.

நாட்டுக்கு வருமானம் எண்ணெய். அந்த எண்ணெய் கடலுக்குப் போக வேண்டுமென்றால் குழாய் வடக்கே சூடான் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே 2023 ஏப்ரலில் தனிப்போர் ஆரம்பித்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பெரிய குழாய் ஒன்று பழுதானதும் வருமானம் பெரும்பாலும் நின்றது. ஆசிரியர், போலீஸ், சிப்பாய் எல்லோருக்கும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கிற, சம்பளம் வாங்காத ஒருவன் சோதனைச் சாவடியில் நிற்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். பாதி நிலைமை அதிலேயே புரிந்துவிடும்.

இனி ஊர். மும்பையிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து தலைநகர் ஜூபா, அங்கிருந்து நிவாரணப் பணியாளர்களுக்கென்று ஐநா ஓட்டுகிற சின்ன விமானம். மேலிருந்து பார்த்தபோது பெந்தியூ பக்கம் எனக்கு ஊரே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. 2021ல் வந்த வெள்ளம் வடியவே இல்லை. மேட்டூர் நிரம்பிக் காவிரிக் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் சில நாளில் வடிந்துவிடும். இது வருஷக்கணக்கில் நிற்கிற தண்ணீர். லட்சம் பேருக்கு மேல் இருக்கும் முகாமையும் விமான ஓடுதளத்தையும் மண்கரை போட்டுத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கரையைக் கட்டியதில் ஐநா படையிலிருந்த பாகிஸ்தான் ராணுவப் பொறியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அங்கே அவர்களோடு டீ குடித்துக்கொண்டு கிரிக்கெட் பேசினேன், இதை இங்கே எழுதினால் யாராவது சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

மண் நம் கரிசல் மண்தான். ஒரு மழை பெய்தால் லாரி முழங்கால் போட்டு உட்கார்ந்துவிடும். மே தொடங்கி அக்டோபர் வரை பல ஊருக்கு ரோடே கிடையாது. வெள்ளத்தில் மாடும் சோளக்காடும் போனவர்கள் அல்லிக் கிழங்கைத் தோண்டித் தின்பதைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் காலையிலேயே பெண்கள் இறங்கிவிடுவார்கள்.

என் வேலை அடிபம்பு. தெற்கு சூடானில் கிராமத்துக்குக் கிராமம் நிற்பது நம்ம இந்தியா மார்க் 2. 1970களில் யூனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்க்கப்பட்ட பம்பு. நம் பள்ளிக்கூட வாசலில் தொங்கி விளையாடினோமே, அதே கைப்பிடி, அதே "கிடுக் கிடுக்" சத்தம். அங்கே அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் பத்து வயது ஆகிவிட்டது.

மார்க் 2ல் ஒரு தொல்லை உண்டு. உள்ளே சிலிண்டரில் இருக்கும் கப் வாசர் தேய்ந்தால், அதை மாற்ற மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் 3 மீட்டர் ஜிஐ குழாய் பத்து. ஒவ்வொன்றையும் கிளாம்ப் போட்டுப் பிடித்துக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பியையும் கழற்றி, வரிசையாகப் படுக்க வைக்க வேண்டும். மூன்றாம் நாள் நாங்கள் கழற்றிய பம்பில் கப் வாசர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீல ரப்பர் வட்டம் இருந்தது. ஹவாய் செருப்பு. உள்ளூர் மெக்கானிக் கத்தியால் வெட்டி, ஓரத்தைக் கல்லில் தேய்த்து, அச்சு அசலாகச் செய்து போட்டிருந்தார். "இரண்டு வாரம் வரும், அப்புறம் இன்னொரு செருப்பு" என்றார். அவருக்கு நான் பயிற்சி கொடுக்கப் போயிருக்கிறேன்! அவருக்குத் தேவைப்பட்டது என் பயிற்சி இல்லை, வாசர்.

வாசர் வந்திருந்தது. இந்தியாவிலிருந்துதான், பெட்டி பெட்டியாக. ஆனால் ஒன்பது நாள் ஒரு கொட்டகையிலேயே கிடந்தது. எந்த ஊர் பம்பை முதலில் சரி செய்வது என்று உள்ளூர் அதிகாரி ஒருவர் கேட்டார். அவர் சொன்ன ஊரை முதலில் செய்தால், அந்தப் பக்கத்து ஆள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். செய்யாவிட்டால் பெட்டி நகராது. எங்கள் டீம் லீடர் கென்யாக்காரம்மா, பொறுமைசாலி. தினமும் காலையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பம்பிலும் எத்தனை மஞ்சள் ஜெர்ரிகேன் வரிசையில் நிற்கிறது என்று எழுதிய தாளைக் காட்டுவார். வரிசை நீளமான ஊர் முதலில், இதுதான் எங்கள் கணக்கு, ஆள் பார்த்து இல்லை என்பார். ஒன்பதாம் நாள் அந்த அதிகாரி சலித்துப்போய்ப் பெட்டியை விட்டுவிட்டார். நடுநிலை என்றால் அங்கே அதுதான், தினமும் போய் ஒரே தாளைக் காட்டுவது.

மொத்தத்தில் ஆறு வாரத்தில் நான் உருப்படியாக வேலை செய்தது பதினொரு நாள். மீதி நாள் காத்திருப்பு. மழை, அனுமதிக் கடிதம், விமானம் ரத்து, "இன்றைக்கு வெளியே போக வேண்டாம்" என்று வயர்லெஸ்ஸில் வரும் குரல். மாலை ஆறு மணிக்குக் கேட் சாத்தினால் காலையில்தான். தங்கச்சிக்கு இதைச் சொல்லுங்கள். வீரசாகசம் என்று நினைத்து வருபவர்கள்தான் முதலில் உடைந்துபோகிறார்கள்.

மூணாவது_கொண்டைஊசி | திங்கள் காலை 8:15

செருப்பு வாசரைப் படித்துவிட்டு டீ ஆறிவிட்டது. நன்றி அண்ணா.

ஒண்டிக்கடை_காப்பி | திங்கள் மதியம் 1:20

எல்லாம் சரி. ஒரு கேள்வி கேட்டால் கோபப்படக் கூடாது. ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். இருபது கொண்டை ஊசி ஏறி வருகிறவர்களுக்கு ஏரியும் பகோடா பாயிண்டும்தான் ஏற்காடு. ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர் மாதிரி ஊர்கள் இருக்கின்றன. போன மழையில் என் சித்தியை இரண்டு கிலோமீட்டர் தொட்டில் கட்டித்தான் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். சேலத்திலேயே நர்ஸ், இன்ஜினியர் எல்லோரும் இருக்கிறீர்கள், கண்ணுக்கு எதிரே இருக்கிற மலை உங்களுக்குத் தெரியவில்லை, ஏழு கடல் தாண்டி இருப்பது தெரிகிறது.

அடிபம்பு | திங்கள் மாலை 5:50

கோபம் இல்லை. உங்கள் மலையிலும் நான் பம்பு கழற்றியிருக்கிறேன், சம்பளத்துக்குத்தான், சேவை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வித்தியாசம் ஒன்று சொல்கிறேன், பிடிக்காவிட்டால் தள்ளிவிடுங்கள். இங்கே பம்பு கெட்டால் ஒன்றிய அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, மனு கொடுக்கலாம், செய்யவில்லை என்றால் ஓட்டுக் கேட்டு வரும்போது நிறுத்திக் கேட்கலாம். அந்த நாடு பிறந்த நாள் முதல் ஒரு தேசியத் தேர்தல்கூட நடந்ததில்லை. யாரிடம் போய்க் கேட்பார்கள்?

ஒண்டிக்கடை_காப்பி | திங்கள் மாலை 6:02

மனு கொடுத்து ஐந்து வருஷம் ஆகிறது அண்ணா. ஓட்டுக் கேட்டு வந்தபோதும் நிறுத்திக் கேட்டோம்.

அடிபம்பு | திங்கள் மாலை 6:30

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நைட்டூட்டி | திங்கள் இரவு 11:45

அண்ணாவின் தங்கைக்கு, நர்ஸ் என்ற முறையில். நான் தெற்கு சூடான் போனதில்லை. காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா முகாமில் 2018ல் நாலு மாதம் இருந்தேன், டிப்தீரியா பரவிய சமயம். நம் ஊரில் புத்தகத்தில் மட்டும் படித்த நோயை அங்கே வரிசையாகப் படுக்கையில் பார்த்தேன்.

குழந்தைகள் வார்டு அனுபவம் நல்லது, ஆனால் அங்கே மானிட்டர், பீப் சத்தம் எதுவும் இருக்காது. கைதான் கருவி. ஊட்டச்சத்துக் குறைவை அளக்க ஒரு பட்டை கொடுப்பார்கள், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையின் இடது மேல்கையில் சுற்றிப் பார்ப்பது. 125 மில்லிமீட்டருக்குக் கீழே மஞ்சள், 115க்குக் கீழே சிவப்பு. 115 மில்லிமீட்டர் சுற்றளவு என்றால் எவ்வளவு என்று ஒரு நூலை அளந்து வட்டமாகப் பிடித்துப் பாருங்கள். நம் கட்டை விரல் கொஞ்சம் தாராளமாக நுழையும், அவ்வளவுதான் அந்தக் கை.

சிவப்பு வந்து, வேறு சிக்கல் இல்லாமல், பசி எடுத்துச் சாப்பிடுகிற குழந்தைக்கு நிலக்கடலை விழுது பாக்கெட் கொடுத்து வீட்டுக்கே அனுப்புவார்கள். கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின். 92 கிராம், 500 கலோரி. நம் கடலை மிட்டாயைக் கரைத்த மாதிரி இருக்கும், நான் ஒன்று தின்று பார்த்தேன். பசி எடுக்காத குழந்தைதான் ஆபத்து, அதை வார்டில் வைத்துக்கொள்வார்கள். அங்கே ராத்திரி டியூட்டியில் இருக்கும்போது இரண்டு மணிக்கு எழுப்பிப் பால் கொடுப்பதைத் தவறவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஐவி போடுவதைவிட இதைத்தான் நான் அங்கே கற்றேன்.

பெந்தியூ என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஹெபடைடிஸ் ஈ. தண்ணீரில் பரவுகிற காமாலை, கர்ப்பிணிகளுக்கு உயிருக்கே உலை வைக்கும். பரவும்போதே தடுப்பூசி போட்டு அதை நிறுத்தப் பார்த்தது உலகத்திலேயே முதலில் அங்கேதான், 2022ல்.

இனி தங்கையின் உடம்புக்கு: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே ஏர்போர்ட்டிலிருந்தே தனிமைப்படுத்த அழைத்துப் போய்விடுவார்கள். மலேரியா மாத்திரையை டாக்டர் சொன்னபடி, திரும்பி வந்த பிறகும் விடாமல் போட வேண்டும். நாப்கின் ஆறு மாதத்துக்கும் இங்கிருந்தே. இதை அண்ணனிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

மூணாவது_கொண்டைஊசி | செவ்வாய் காலை 7:30

தட்டுவடை செட்டு பார்சல் போகாதா?

அடிபம்பு | செவ்வாய் காலை 7:55

தட்டு மட்டும் போகும், சட்னி போகாது. பருப்புப்பொடி இரண்டு கிலோ கொடுத்து அனுப்புங்கள், அங்கே அதுதான் நாணயம். உண்மையான பணத்துக்கு டாலர். ஆனால் மடிப்பு, மைக்கறை, பழைய வரிசை நோட்டு எதையும் தொட மாட்டார்கள். நான் கொண்டுபோன ஒரு நூறு டாலர் நோட்டின் ஓரத்தில் பேனாக் கோடு இருந்தது, அதை அப்படியே சேலத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

குகைத்தெரு | செவ்வாய் காலை 9:10

பருப்புப்பொடி பேசிக்கொண்டு இருக்கிறீர்கள். 2016ல் ஜூபாவில் ஒரு ஹோட்டல் வளாகத்தில் நிவாரணப் பணிக்கு வந்த பெண்களுக்கு என்ன நடந்தது என்று படித்தீர்களா? அதை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லையே.

அடிபம்பு | செவ்வாய் காலை 10:25

படித்திருக்கிறேன். போவதற்கு முன் எங்களுக்குக் கொடுத்த பயிற்சியிலேயே அதைச் சொன்னார்கள், மறைக்கவில்லை. 2016 ஜூலையில் ஜூபாவில் சண்டை வெடித்தபோது அரசாங்கச் சிப்பாய்களே உள்ளே புகுந்து செய்த பாலியல் கொடுமை. பக்கத்திலேயே ஐநா முகாம் இருந்தும் உதவி வரவில்லை. விசாரணை நடந்து ஐநா படைத் தளபதியைப் பதவியிலிருந்து எடுத்தார்கள். 2018ல் ராணுவ நீதிமன்றம் பத்துச் சிப்பாய்களுக்குத் தண்டனை கொடுத்தது. 2016ல் அந்தச் சண்டை நடந்த வாரத்தில் இந்திய விமானப்படை இரண்டு சி-17 விமானம் அனுப்பி ஜூபாவிலிருந்து சுமார் 150 பேரை அழைத்து வந்தது. அதனால் தூதரகத்தில் பெயர் பதிவது முதல் வேலை. ஜூபாவில் நமக்குத் தூதரகம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024ல் உலகம் முழுக்க 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐநா சொன்னது. அதில் பெரும்பாலோர் என்னைப்போல வெளியிலிருந்து போனவர்கள் இல்லை, அந்தந்த ஊர்க்காரர்கள். ஒருநாள் எங்கள் வண்டியைச் சாவடியில் ஒரு பையன் நிறுத்தினான். பதினேழு வயது இருக்கும். துப்பாக்கி அவன் தோளைவிடப் பெரிசு. டிரைவர் கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அவன் அம்மா எப்படி இருக்கிறார், மாடு எப்படி இருக்கிறது என்று நிதானமாக விசாரித்தார். நாங்கள் கையை மடிமேல் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. நாலு நிமிஷம். எனக்கு நாலு வருஷம். நான் டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டேன். அந்த டிரைவர் மறுநாளும் அதே ரோட்டில் போனார்.

ஆகவே ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அனுப்புகிறவனைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தங்கச்சியை மூன்று கேள்வி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். நிலைமை கெட்டால் "கிளம்பு" என்று முடிவெடுப்பது யார், பெந்தியூவில் இருப்பவரா எங்கோ ஐரோப்பாவில் இருப்பவரா? பெண்கள் தங்கும் இடம் எப்படி, எத்தனை பேர், பூட்டு யார் கையில்? காப்பீடு என்னென்ன தரும், வெளியேற்றுகிற விமானச் செலவு அதில் உண்டா? நல்ல அமைப்பு என்றால் இந்தக் கேள்வி வந்ததும் சந்தோஷப்படும். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா" என்று கேட்டால், பெட்டி கட்ட வேண்டாம்.

ரிக்வண்டி | செவ்வாய் காலை 11:00

மாடு விசாரித்தது உண்மைங்க. அங்கே மாடுதான் எல்லாம். மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்கு மாடு கொடுக்க வேண்டும். மலக்கால் என்று அங்கே இன்னொரு ஊர், அதில் ஐநா படையில் இருக்கிற நம் இந்தியப் படையின் கால்நடை டாக்டர்கள் ஊர் மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்று படித்தேன். நம்மாளுக்கு நல்ல பெயர் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாப்பேட்டை_அண்ணன் | வெள்ளி இரவு 8:20

எல்லோருக்கும் நன்றிங்க. முழு இழையையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு வாசர் வந்த இடத்தில் தறியை நிறுத்திவிட்டு, மறுபடி படி என்றார். அவரும் தறி நாடாவுக்கு அப்படி ஏதாவது வெட்டிப் போடுகிறவர்தான். அம்மா டிரைவர் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தங்கை மூன்று கேள்வியும் மெயிலில் அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது, மரியாதையாகத்தான். கிளம்பும் முடிவு பெந்தியூவில் இருக்கும் பொறுப்பாளர் கையில், அவர் சொன்னால் மேலே யாரும் தடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். பெண்கள் ஐந்து பேருக்குத் தனி வளாகம், படம்கூட அனுப்பினார்கள். காப்பீட்டுக்கு மட்டும் பாலிசியின் பிடிஎஃப் அனுப்பிவிட்டார்கள், 31 பக்கம், ஆங்கிலம். தங்கை கிண்டிக்குப் போய் ஊசியும் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள், கேட்காமலேயே.

அடிபம்பு | வெள்ளி இரவு 8:41

பிடிஎஃப்பில் "war", அதாவது போர், என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். விலக்குகள் என்ற பகுதியில் இருக்கும். போர், உள்நாட்டுக் கலவரம் காரணமான காயம், மரணம் இதில் சேராது என்று ஒரு வரி இருக்கிறதா?

அம்மாப்பேட்டை_அண்ணன் | வெள்ளி இரவு 9:03

இருக்கிறதுங்க. 14ஆம் பக்கம்.

அடிபம்பு | வெள்ளி இரவு 9:06

அப்படியென்றால் இன்னும் கையெழுத்துப் போட வேண்டாம். போர் ஆபத்தையும் சேர்த்த பாலிசி தனியாக உண்டு, அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிரீமியம் அதிகம், ஆனால் எடுக்க முடியாதது இல்லை. என் அமைப்பிலும் முதலில் இதேதான் கொடுத்தார்கள், கேட்ட பிறகு மாற்றினார்கள்.

அம்மாப்பேட்டை_அண்ணன் | வெள்ளி இரவு 9:30

மெயில் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை கூப்பிட்டுப் பேசுகிறார்களாம். அம்மா இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், பருப்புப்பொடிக்கு எவ்வளவு துவரம்பருப்பு வேண்டும் என்று கேட்கிறார். திங்கட்கிழமை வரை வறுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.